ஏழாவது வீரரின் கறுப்புக் கத்தி

2022ஆம் வருஷம் சூரசம்ஹாரத்தன்று சாயங்காலம் ஐந்தே முக்கால் மணிக்கு, நவவீரர்களில் ஏழாவது வீரர், வேலவன் வீதி பேக்கரிக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் நடுவில், முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போனார். அவர் கையில் இருந்தது நிஞ்சா கத்தி. கிரீடம், கழுத்து மாலை, இடுப்பில் கட்டியிருந்த சிவப்புப் பட்டு, மையால் வரைந்த மீசை எல்லாம் அவரோடேயே போயின. பின்னால் வந்த எட்டாவது வீரர், முன்னால் ஆள் இல்லையே என்று இடைவெளியை அடைக்கப் பார்த்தார். ஏனோ அவருக்குக் கால் வரவில்லை, பழைய இடத்திலேயே நடந்தார். ஊர்வலமும் நிற்கவில்லை. மைதானத்தில் சூரன் காத்துக்கொண்டிருந்தான், ஆறரைக்குமேல் ரோட்டை மறிக்கப் போலீஸ் அனுமதி கிடையாது. ஆகவே அந்த வருஷம் சூரனை எட்டு வீரர்களை வைத்தே முடித்தார்கள்.

வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். திருப்பூரில் வேலவன் வீதி என்பது பரம்பரையாக நெசவுக் குடும்பங்கள் இருக்கிற வீதி. இப்போது பனியன் கம்பெனி, எம்பிராய்டரி, லேபிள் என்று ஆளுக்கொரு தொழில், ஆனால் கந்தசஷ்டியை யாரும் விடவில்லை. அம்பாளின் சிலம்பிலிருந்து சிதறிய ஒன்பது மணிகளில் பிறந்தவர்கள் நவவீரர்கள், முருகனோடு போருக்குப் போனவர்கள் என்பது கதை. அந்த ஒன்பது பேராக வீதி ஆண்கள் ஒன்பது பேர் வேஷம் கட்டுவார்கள். முதல் நாள் மணிக்கட்டில் காப்பு. ஆறாம் நாள் குருக்கள் கையால் கத்தி. வாங்கிய கத்தியை, எட்டாம் நாள் மஞ்சள் நீராட்டில் குருக்கள் காப்பை அவிழ்க்கும்வரை கீழே வைக்கக்கூடாது. சாப்பிடும்போது கக்கத்தில் இடுக்கிக்கொள்வார்கள், தூங்கும்போது நெஞ்சின்மேல் போட்டுக்கொள்வார்கள். கீழே வைத்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் யாரும் வைத்துப் பார்த்ததில்லை.

காணாமல் போனவர் பெயர் குமாரசாமி. அவிநாசி ரோட்டில் ஒரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், வயது இருபத்தெட்டு. அம்மா சாரதாமணி. சாரதாமணியின் தம்பி தண்டாயுதபாணி இரண்டு எம்பிராய்டரி மெஷின் வைத்திருப்பவர், அவர் மகள் சத்யப்பிரியா. குமாரசாமிக்கும் சத்யப்பிரியாவுக்கும் தை மாதம் கல்யாணம் என்று நிச்சயமாகி, மண்டபத்துக்கும் சொல்லி வைத்திருந்தார்கள். இந்த நால்வரையும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும், மற்றவர்கள் எல்லாம் கூட்டம்தான்.

கோயிலில் ஒன்பது கத்தி இருந்தது உண்மை. தகரத்தில் செய்து வெள்ளிப் பெயின்ட் அடித்தவை. அதில் ஏழாவதை, ஒரு பள்ளிக்கூட மாறுவேடப் போட்டிக்கு இரவல் வாங்கிப் போனவர் பல்லடம் பஸ்ஸில் விட்டுவிட்டார். கமிட்டியில் சொன்னால் திட்டுவார்கள் என்று ஏழு மாதம் வாயைத் திறக்கவில்லை. ஆறாம் நாள் காலை சந்தனம் வைக்கப் பெட்டியைத் திறந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. புதிதாகச் செய்ய நேரமில்லை. தீபாவளி முடிந்த வாரம், தென்மாவட்டத்து ஆட்கள் எல்லாம் ஊருக்குப் போய்த் திருப்பூரே பாதி காலி, பட்டறைகள் பூட்டிக் கிடந்தன. அப்போது தண்டாயுதபாணி எழுந்து, தன் வீட்டில் கத்தி இருப்பதாகச் சொன்னார். ஒன்றல்ல, பதினாலு.

தண்டாயுதபாணிக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது பத்தொன்பதாவது வயதில். வாடகை டெக்கில், கோடு கோடாக ஓடிய கேசட்டில், கண்ணைத் தவிர எல்லாவற்றையும் கறுப்புத் துணியால் மூடிய நிஞ்சா என்ற ஜப்பான் உளவாளி ஒருவன் மதில் ஏறிக் குதித்ததைப் பார்த்தார், அவ்வளவுதான். அவன் முதுகில் நேரான கத்தி இருந்தது, பிடிக்கு மேலே சதுரமாக ஒரு இரும்பு வில்லை. அந்த வில்லையில் கால் வைத்து மதில் ஏறுவார்கள், தண்ணீருக்கடியில் பதுங்கும்போது உறையைக் குழாயாக்கி மூச்சு விடுவார்கள், நிலா வெளிச்சத்தில் மின்னாமலிருக்கக் கறுப்புப் பூசுவார்கள் என்றெல்லாம் தெரிந்துகொண்டார். கூரியரில் ஒவ்வொன்றாக வரவழைத்தார். எல்லாம் முனை மழுங்கிய காட்சிக் கத்திகள், ஒன்றிலும் தக்காளிகூட அறுபடாது. பீரோ முழுக்கக் கத்தி; அவர் சம்சாரத்தின் பட்டுச்சேலைகள் டிரங்குப் பெட்டிக்குப் போயின. ஒருநாள் இணையத்தில் ஒரு வெளிநாட்டுக் கத்திப் பிரியர் அவருக்கு எழுதினார்: ஜப்பானில் எந்தப் பழைய நிஞ்சாவின் நேர்க்கத்தியும் கிடைத்ததில்லை, இது சினிமாக்காரர்களும் சுற்றுலாக் கடைக்காரர்களும் சேர்ந்து பிரபலமாக்கிய உருப்படி, நிஞ்சாக்கள் கையில் கிடைத்த சாதாரணக் கத்தியைத்தான் வைத்திருப்பார்கள். தண்டாயுதபாணி மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள் எழுந்து இட்லி கேட்டார். "ஒளியறதே தொழிலா இருக்கறவனோட கத்தி, தேடறவன் கண்ணுல பட்டா அவன் என்ன நிஞ்சாங்க?" என்று சம்சாரத்திடம் கேட்டார். அதற்கு அந்தம்மாள் இன்னொரு இட்லி வைத்தார்.

அந்தப் பதினாலில் நல்லதாக ஒன்றை அவர் கோயிலுக்குக் கொண்டுவந்தார். கமிட்டித் தலைவர் மருதாசலம் ஒத்துக்கொள்ளவில்லை. ஐம்பது தையல் மெஷின் போட்டுக் கம்பெனி நடத்துகிறவர், கம்பெனியில் கத்துகிற அதே சத்தத்தில் கோயிலிலும் கத்துவார். கறுப்புக் கத்தி ஆகாது, சப்பான்காரன் கத்தி ஆகவே ஆகாது என்றார். குருக்களுக்கு அபிஷேகத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "சந்தனம் வெச்சுட்டா எல்லாம் சாமி கத்திதானுங்களே" என்று சொல்லி, கத்தியைக் கழுவி, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, தூபம் காட்டி மற்ற எட்டோடு அடுக்கிவிட்டார். தப்பு நடந்தது அங்கேதான் என்று பின்னால் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அதுவரை அது கூரியரில் வந்த இரும்பு. ஊரும் பேரும் பூர்வீகமும் இல்லாத ஒன்றைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சந்தனமும் கொடுத்தால், அது தன் வேலையை உண்மையாகச் செய்துகாட்ட வேண்டாமா? செய்தது.

முதல் நான்கு நாள் பேசிய பேச்சு காதில் வாங்கக்கூடியதல்ல. மாப்பிள்ளை வேஷத்தோடேயே ஓடிவிட்டான், பெண்ணைப் பிடிக்கவில்லை, தென்மாவட்ட பஸ் ஒன்றில் கிரீடத்தோடு ஏறியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள் என்றெல்லாம் சொன்னார்கள். சாரதாமணி வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டாள். எட்டாம் நாள் மஞ்சள் நீராட்டில் குருக்கள் எட்டுக் காப்புகளை அவிழ்த்தார். ஒன்பதாவதுக்குக் கால் மணி நேரம் காத்திருந்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சத்யப்பிரியா மறுநாள் வேலைக்குப் போனாள். அவளும் அதே கம்பெனிதான், துணி செக்கிங். விளக்குக் கண்ணாடிக்கு மேலே துணி ஓடும், ஓடுகிற துணியில் ஓட்டையும் ஊசிக்கோடும் எங்கே இருக்கிறது என்று அவள் சொல்ல வேண்டும். இல்லாததைப் பார்ப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

தீபாவளி லீவு முடிந்து கம்பெனி திறந்த அந்த நாள் காலை கட்டிங் டேபிளில், யாரும் விரிக்காத துணி எண்பது அடுக்கு விரிந்து, ஓரம் பிசகாமல் வெட்டி அடுக்கியிருந்தது. கடைசி அடுக்கின் மேல் மார்க்கிங் சாக்பீஸில் குமாரசாமியின் கையெழுத்து. "நான் இங்கதான் இருக்கேன். ஓடிப் போகல. பேசினா யாருக்கும் கேக்கல. காப்பு அவுக்காம கத்தியக் கீழ வெக்க மாட்டேன். அம்மாகிட்டச் சொல்லுங்க." விரல்ரேகை மெஷினில் பார்த்தார்கள், எட்டு இருபதுக்கு அவர் பெயர் பதிவாகியிருந்தது. சாரதாமணி அந்தத் துணியைக் கம்பெனியில் கேட்டு வாங்கி, வீதியில் தன்னோடு சண்டை போட்ட அத்தனை வீட்டுக்கும் எடுத்துப்போய்க் காட்டினாள். அப்புறம் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷ அழுகைதான் பெரும்பாலும்.

ஆனால் சிக்கல் சிக்கலாகவே இருந்தது. கத்தியைக் கீழே வைத்தால் குமாரசாமி தெரிவார். காப்பு அவிழாமல் கத்தியைக் கீழே வைக்கக்கூடாது. மணிக்கட்டு தெரியாமல் காப்பை அவிழ்க்க முடியாது. கமிட்டி மூன்று தடவை கூடி, மூன்று தடவையும் டீ குடித்துவிட்டுக் கலைந்தது. காப்பு அவிழ்ப்பது மஞ்சள் நீராட்டன்று சன்னதியில்தான், கண்ணால் பார்த்த மணிக்கட்டில்தான் என்று குருக்கள் முடிவாகச் சொல்லிவிட்டார். தடவிப் பிடிக்கலாம் என்று முயன்றவர்கள் கை காற்றைத்தான் பிடித்தது. அரிசிமாவு தூவினார்கள், வலை போட்டார்கள், ஒருவர் ஸ்பிரே பெயின்ட் அடித்துத் தன் மச்சினனை நீலமாக்கினார். அந்தக் கத்தி தன்னைத் தேடி வருகிற எதிலிருந்தும் ஒரு எட்டு நகர்ந்துவிடும், வைத்திருப்பவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு. தண்டாயுதபாணிக்கு இது பிரமாதமாகத் தெரிந்தது, அப்படித் தெரிந்ததற்காகத் தன்மேலேயே கோபமும் வந்தது. மருமகனாக வரவேண்டியவனை விழுங்கிய கத்தியைப் பற்றி யாரிடம் பெருமை பேசுவது? மீதிப் பதிமூன்றையும் போர்வையில் சுற்றிப் பரணில் போட்டார்.

தை வந்தது, கல்யாணம் நடக்கவில்லை. மாசி, பங்குனி போயின. சாரதாமணி தினமும் இரண்டு வேளை தட்டு வைத்தாள், தட்டு காலியானது, ரசம் மட்டும் எப்போதும் போல மீந்தது. மாதச் சம்பளம் வங்கியில் ஏறியது. ஆய்வுக்கு வந்த வெளிநாட்டு ஆடிட்டர், கட்டிங் டேபிளில் ஆள் இல்லாமல் வேலை நடப்பதைப் பார்த்துவிட்டு, காதடைப்பான் போட்டிருக்கிறாரா என்று மட்டும் கேட்டார். போட்டிருக்கிறார் என்று எழுதிக்கொடுத்தார்கள். வைகாசியில் தாராபுரத்திலிருந்து சத்யப்பிரியாவுக்கு ஒரு வரன் வந்தது. நல்ல இடம், பையன் கண்ணுக்குத் தெரிகிறவன். உறவுக்காரர்கள் எல்லாம் தண்டாயுதபாணியைப் பிடித்துக்கொண்டார்கள். இருக்கிறானா இல்லையா என்று தெரியாதவனுக்கு எத்தனை காலம் பெண்ணைக் காக்கவைப்பது என்று கேட்டார்கள். அவர் மகளிடம் வந்து, முகத்தைப் பார்க்காமல் சொன்னார், "இந்த மஞ்சத்தண்ணி வரைக்கும் பாக்கலாங்கண்ணு. அதுக்கும் வரலீன்னா தாராபுரத்துக்காரங்களுக்கு வாக்குக் குடுத்தறலாம்." சத்யப்பிரியா சரி என்றாள். அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. அவளுடைய பயம் வேறு மாதிரி.

அன்று சாயங்காலம் கட்டிங் டேபிளில் விரித்திருந்த பேப்பரில் அவள் எழுதினாள்: "மச்சான், நீங்களாத்தான் மறைஞ்சிருக்கீங்களா?" மறுநாள் காலை அதற்குக் கீழே பதில் இருந்தது. "மொதப் பத்து நாள் ஆமா. பொய் சொல்லல. யாரும் கூப்பிடல, போன் அடிக்கல, ஷிப்மென்ட் ஷிப்மென்ட்னு யாரும் கத்தல. நல்லாத் தூங்கினேன். அப்புறம் நீ மத்தியானம் டிபன் டப்பாவத் தொறந்து தனியா உக்காந்து சாப்பிடறதப் பாத்தேன். அதுக்கப்புறம் இல்ல." சத்யப்பிரியா இதை நான்கு தடவை படித்தாள். பிறகு எழுதினாள்: "வர்ற மஞ்சத்தண்ணிக்கு நான் ஊத்தறேன். நீங்க நகராம நில்லுங்க." அதற்கும் பதில் வந்தது. "கத்தி இழுக்குது புள்ள." அவள் அதன்கீழே, எழுத்தைப் பெரிதாக்கி எழுதினாள்: "நில்லுங்க."

இதில் ஒரு நியாயம் இருந்தது. வேலவன் வீதி மஞ்சள் நீராட்டில் முறைப்பெண் ஊற்றுகிற தண்ணீருக்கு யாரும் விலகக்கூடாது. கலெக்டர் ஆபீஸுக்குப் போகிற சட்டையோடு நின்றாலும் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும், விலகினால் அந்தப் பெண்ணை வேண்டாம் என்றதாக அர்த்தம். கத்தியின் சட்டம் விலகு என்றது, வீதியின் சட்டம் விலகாதே என்றது. இரண்டுக்கும் நடுவில் குமாரசாமி என்ன செய்வார் என்பதுதான் கேள்வி, அதைக் குமாரசாமி ஒருவர்தான் சொல்ல முடியும்.

2023ஆம் வருஷ மஞ்சள் நீராட்டன்று காலை ஒன்பது மணிக்கே வீதி மஞ்சளாகிவிட்டது. குடம் குடமாகக் கரைத்து வைத்திருந்தார்கள். வேப்பிலை மிதந்தது. அத்தைப் பிள்ளைகளை மாமன் பெண்கள் துரத்திக்கொண்டிருந்தார்கள், ஓடுகிற மாதிரி ஓடி எல்லோரும் அகப்பட்டுக்கொண்டிருந்தார்கள். சத்யப்பிரியா பேக்கரிப் படியில் ஏறி நின்றாள், இடுப்பில் குடம். அவள் யாரையும் தேடவில்லை. செக்கிங் மெஷினில் துணி ஓடும்போது எதையும் உற்றுப் பார்க்கக்கூடாது, துணியை அதன் போக்கில் ஓடவிட வேண்டும், குறை தானாக வந்து கண்ணைத் தொடும் என்று அவள் சொல்வாள். கூட்டத்தை அப்படியே ஓடவிட்டாள். நெருக்கியடித்துக்கொண்டிருந்த கூட்டத்தில், டிரான்ஸ்பார்மருக்கு இந்தப் பக்கம், ஒரு ஆள் அகலத்துக்கு ஒரு இடம் யாராலும் நிரப்பப்படாமல் இருந்தது. இரண்டு பேர் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள், ஏன் சுற்றினோம் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. அந்த இடம் இடப்பக்கமாக நகர்ந்தது. பின்பு ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டு பழைய இடத்துக்கே வந்தது. மறுபடி நகர்ந்தது, மறுபடி வந்தது. சத்யப்பிரியா படியிறங்கி நேராக நடந்தாள். ஆட்கள் விலகினார்கள், அந்த இடம் மட்டும் விலகவில்லை. லேசாக நடுங்கிக்கொண்டு நின்றது. அவள் குடத்தை உயர்த்திக் கவிழ்த்தாள்.

முதலில் தெரிந்தது வலது தோள். அப்புறம் கழுத்து, கிரீடத்தின் ஒரு பக்கம், ஒரு வருஷமாகியும் வாடாத மாலை, மை மீசை. மஞ்சள் வழிந்த இடமெல்லாம் குமாரசாமி இருந்தார். கைமுட்டி மூடியிருந்தது, அதற்குள் இருந்த கத்தி தெரியவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தவர், அம்மா அலறுவதைக் கேட்டுத் திறந்தார். ஒரு வருஷம் கழித்து அந்த வீதியில் கேட்ட அவருடைய முதல் பேச்சு, "கண்ணுல போயிருச்சு புள்ள" என்பது. சத்யப்பிரியா தாவணித் தலைப்பால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள். துடைத்துக்கொண்டே இரண்டு கெட்ட வார்த்தை சொன்னாள். அவள் வாயில் அப்படி ஒன்றை அதற்கு முன்போ பின்போ யாரும் கேட்டதில்லை, அதனால் எல்லோரும் கேட்காதது போல இருந்துவிட்டார்கள். சாரதாமணி மகனைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. அப்படியே மூவருமாகச் சன்னதிக்குப் போய், மஞ்சள் மணிக்கட்டில் குருக்கள் காப்பை அவிழ்த்தார். குமாரசாமி கையைத் தட்டின்மேல் திறந்தார். டங்கென்று இரும்பு விழுந்த சத்தம் கேட்டது, தட்டில் எதுவும் இல்லை. அப்பாடா என்று வீதி முழுக்க விட்ட மூச்சில் கோயில் மணியின் கயிறு ஆடியது.

தை மாதம் கல்யாணம் நடந்தது. தாராபுரத்துக்காரர்கள் வந்து மொய் வைத்துவிட்டுப் போனார்கள். அந்தக் கத்தி கோயிலிலேயே இருக்கிறது. ஒன்பது கத்திகளையும் அடுக்கிச் சந்தனம் வைத்தால் ஆறாவதுக்கும் எட்டாவதுக்கும் நடுவில் ஒரு சந்தனக் கீற்றும் குங்குமப் பொட்டும் அந்தரத்தில் நிற்கும். தண்டாயுதபாணி அதைப் போட்டோ எடுத்து அந்த வெளிநாட்டுக்காரருக்கு அனுப்பினார். பதினோரு நாள் கழித்துப் பதில் வந்தது. இதுவரை தான் பார்த்ததிலேயே இது ஒன்றைத்தான் போலி என்று சொல்ல முடியவில்லை என்று அவர் எழுதியிருந்தார். தண்டாயுதபாணி அதை பிரிண்ட் எடுத்து பிரேம் போட்டார். மீதிக் கத்திகளைக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டார், பட்டுச்சேலைகள் பீரோவுக்குத் திரும்பின.

இப்போதெல்லாம் ஏழாவது வீரர் சூரசம்ஹாரத்தன்று அதே பேக்கரிப் பக்கம் மறைவதும் எட்டாம் நாள் மஞ்சள் தண்ணீரில் வெளியே வருவதும் நோட்டீஸிலேயே அச்சாகிறது. காலையில் பாலபிஷேகம், மாலையில் ஏழாவது வீரர் மறைதல். அந்த வேஷத்துக்குத்தான் போட்டி. மூன்று நாள் யார் கண்ணிலும் படாமல், போன் இல்லாமல், யாரும் கூப்பிடாமல் இருக்கலாம் என்றால் திருப்பூரில் யாருக்குத்தான் கசக்கும்? 2041 வரை பெயர் எழுதியாகிவிட்டது. ஊற்றுவது மட்டும் யார் முறையானாலும் சத்யப்பிரியா பக்கத்தில் நின்று இடம் காட்ட வேண்டும். குடம் தூக்கிக்கொடுப்பது குமாரசாமி.

போன வருஷம் முறை மருதாசலத்துக்கு வந்தது. கறுப்புக் கத்தி ஆகாது என்று கத்திய அதே மருதாசலம்தான். மஞ்சள் நீராட்டன்று காலை அவர் மனைவி சத்யப்பிரியாவைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "கண்ணு, ஆர்டர் ஆர்டர்னு அவரு கண்ணசந்து தூங்கி ரெண்டு மாசமாச்சு. மொதக் கொடத்தத் தள்ளி ஊத்திரு சாமி." சத்யப்பிரியா பேக்கரிப் படியில் நின்று பார்த்தாள். டிரான்ஸ்பார்மர் பக்கத்துச் சுவரோரம் ஒரு பெரிய ஆள் அகலத்துக்கு இடம் காலியாக இருந்தது, சுவரில் சாய்ந்த மாதிரி, கொஞ்சமும் நகராமல். கத்தியும் தூங்கிக்கொண்டிருந்தது போல. அவள் மருதாசலத்தின் மாமன் பெண்களைக் கூட்டிப்போய் இரண்டடி தள்ளி முதல் குடத்தை ஊற்றச் சொன்னாள். இரண்டாவதையும் தள்ளியே ஊற்றச் சொன்னாள். குருக்கள் தட்டோடு வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு, தட்டோடேயே உள்ளே போனார். பதினொரு மணிக்கு மேல் குமாரசாமி மூன்றாவது குடத்தைத் தூக்கிக் கொடுத்தார். மருதாசலம் மஞ்சளாக வந்து நின்று, பெரிதாக ஒரு கொட்டாவி விட்டுவிட்டு, மணி என்ன என்று கேட்டார்.